கான்கிரீட் இறுகும் வரை

– எழுபத்திரண்டு மணி நேரம் மச்சான். அதுல முப்பத்தொண்ணு ஆச்சு, இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு. அதுவரைக்கும் இந்தக் கயித்தைத் தாண்டி யாரும் வரக் கூடாது. நீங்களும்தான்.

– நான் பூங்கா கமிட்டியோட செயலாளர் மாப்ள.

– கான்கிரீட்டுக்கு அது தெரியாது.

– சரி, இந்தப் பக்கமே நிக்கறேன். டீயையாவது வாங்கிக்கோ, ஆறிடப் போகுது.

– பிளாஸ்கை அந்தச் சாக்கு மேல வைங்க. கை எல்லாம் சிமெண்ட். இன்னைக்கும் சர்க்கரை கம்மிதானா?

– கம்மிதான்.

– நினைச்சேன். நல்லா இருக்கு.

– இன்னும் மூடியே திறக்கல, அதுக்குள்ள நல்லா இருக்கா?

– வாசனையிலயே தெரியுதே.

– மூடியிருக்கற பிளாஸ்க்குல வாசனை. உனக்கு மூக்கு நல்ல மூக்குதான்.

– கிண்டல் பண்ணாதீங்க. நேத்து ராத்திரி ஒரு நாய் ஓடிவந்து ஈரத்துல நாலு காலையும் பதிச்சுட்டுப் போயிடுச்சு. காலையில வந்து மறுபடி பூசினேன். அதான் இன்னைக்குக் கயிறு கட்டிட்டேன்.

– நாய்க்குக் கயிறு தெரியுமா?

– தெரியாது. ஆனா எனக்கு மனசு கேக்கல.

– கேளு, கமிட்டியில நேத்தும் கலாட்டா. பத்து பேரு, பதினோரு கருத்து. இந்த உடற்பயிற்சி மிஷின்களோட அந்த வட்டத் தட்டு ஏன் வரலைன்னு கேக்கறாங்க. மேல ஏறி நின்னு இடுப்பைத் திருப்புவாங்களே, அது.

– நான்தான் வேண்டாம்னேன்.

– கேட்லாக் படத்துல அதுதான் அழகா இருந்துச்சாம்.

– படத்துல அது மேல நிக்கற பொண்ணுக்கு இருபது வயசு. இங்க காலையில வர்றவங்களுக்கு அறுபது. இடுப்பு ஒரு பக்கம் திரும்பும், முட்டி ஒரு பக்கம் திரும்பும், அப்புறம் எலும்பு டாக்டர்தான் பொழைப்பார். நீங்க கேட்டது பலத்துக்கு. பலத்துக்குன்னா தள்ளணும், இழுக்கணும், எழுந்திருக்கணும். சும்மா சுத்தறதுக்கு ராட்டினம் போதும்.

– இதையே அவங்ககிட்ட வந்து சொல்லேன்.

– எனக்குக் கூட்டத்துல பேச வராது. நீங்க சொல்லுங்க.

– எனக்குத்தான் வாய் இருக்கு, அதுக்காக எல்லாரோட பேச்சையும் நானே பேச முடியுமா? சரி, காலால தள்ளுற மிஷின் எதுக்கு ரெண்டு? அதையும் கேட்டாங்க.

– ஒண்ணு உயரமான சீட்டு, ஒண்ணு தாழ்வான சீட்டு. தாழ்வானதுல உக்காந்தா சில பேரால எழுந்திருக்கவே முடியாது. ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி நாலு நாள் அந்த பெஞ்சுல உக்காந்து பார்த்தேன், யார் யார் எப்படி எழுந்திருக்காங்கன்னு. பாதிப் பேர் கையை ஊணித்தான் எழுந்திருக்காங்க. ரெண்டு பேர், பக்கத்துல இருக்கறவர் தோளைப் பிடிச்சு.

– அடேயப்பா. இந்தப் பூங்காவுக்கு வர்ற எல்லார் முட்டியும் உனக்கு அத்துப்படி.

– அதானே மச்சான் வேலை.

– வேலைதான். இல்லைன்னு யார் சொன்னா.

– செக்ரட்டரி சார், வழி விடுங்க, மூணாவது ரவுண்டு. நின்னா மறுபடி நடக்க மாட்டேன், அதனால நடந்துக்கிட்டே பேசறேன்.

– வாங்கம்மா. மாப்ள, இவங்க எங்க கட்டடத்துல கீழ் வீடு.

– தம்பி, இந்த நீலக் கலர்ல நான் உக்காரலாமா?

– இன்னைக்கு வேண்டாம்மா. நாளை மறுநாள் பத்து மணிக்கு மேல. உங்களுக்கு அந்த உயரமான சீட்டு. இடது காலையும் சேர்த்து மிதிக்கணும். நீங்க வலது காலுக்கே எல்லா வேலையும் குடுக்கறீங்க.

– இதை யார் சொன்னா உங்களுக்கு?

– உங்க செருப்பு. வலது பக்கம்தான் தேஞ்சிருக்கு.

– ஏன் சார், உங்க மாப்பிள்ளை என்ன, செருப்பைப் பார்த்து ஜாதகம் சொல்றார்? ஆமா, நீங்கதான் மேல் வீட்டுப் பொண்ணோட வீட்டுக்காரரா?

– ஆமாம்மா.

– நான் வேற மாதிரி நினைச்சிருந்தேன். நமக்கெதுக்கு. போயிட்டு வரேன்.

– பார்த்துப் போங்கம்மா, அங்க மண்ணு குவிச்சு வச்சிருக்கு.

– வேற மாதிரின்னா எந்த மாதிரி மச்சான்?

– நீ பெரிய மீசை வச்சிருப்பேன்னு நினைச்சிருப்பாங்க. விடு.

– அவ ஏதாவது சொல்லியிருப்பாளோ இவங்ககிட்ட?

– பொண்டாட்டி புருஷன் வீட்டை விட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் உக்காந்திருந்தா, கீழ் வீட்டுல கேக்காமலா இருப்பாங்க? கேட்டா அவளும் ஏதாவது சொல்லித்தானே ஆகணும்.

– என்ன சொன்னாளாம்?

– என் எதிர்ல ஒண்ணும் சொல்லல. மாப்ள, உனக்கு என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?

– என்ன கேக்கறது?

– எதுவா இருந்தாலும்.

– பத்தொன்பதாம் நம்பர் ஸ்பானர் கேட்டிருந்தேனே, யார்கிட்டயாவது கிடைச்சுதான்னு கேக்கணும்.

– ஸ்பானர் தவிர.

– மேல எல்லாரும் நல்லா இருக்காங்களா?

– இருக்காங்க.

– அப்போ சரி.

– சரியாம். நல்ல ஆளுய்யா நீ. அது போகட்டும், மேல இருந்து கைப்பிடியைக் கீழ இழுக்கற மிஷின் ஒண்ணு மாட்டினியே. பிளான்ல அது கேட்டைப் பார்த்து இருந்துச்சு. இப்போ எங்க கட்டடத்தைப் பார்த்து நிக்குது. இதுக்கு நான் கமிட்டியில என்ன சொல்ல?

– சாயங்கால வெயில் கண்ணுல அடிக்கும்னு திருப்பினேன்.

– சாயங்கால வெயில் எங்க கட்டடத்துக்குப் பின்னால இருந்துதான் வருது. நீயே இப்போ கண்ணைச் சுருக்கிட்டுத்தான் நிக்கற.

– காலையில அடிக்காது.

– ஓகோ.

– அடியில நாலு போல்ட்டும் சம தூரம். எந்தப் பக்கம் வேணாலும் திருப்பலாம். கழட்டி மாத்திடட்டுமா?

– வேண்டாம், இருக்கட்டும். நானும் காலையில அதுல உக்காந்து பார்த்தேன். தலையைத் தூக்கினா எங்க பால்கனி நேரா தெரியுது. ரெண்டாவது மாடி, வலது கைப்பக்கம். அளவெடுத்த மாதிரி.

– மாட்டினதை டெஸ்ட் பண்ணணும்ல. அதான் உக்காந்தேன்.

– நாலு நாளா அதை மட்டுமா? மத்த மிஷினெல்லாம் யாரு பெத்த பிள்ளைங்க?

– மச்சான்.

– சொல்லு.

– நேத்து பால்கனியில மஞ்சள் துண்டு காஞ்சுது.

– காஞ்சிருக்கும்.

– புறா வராம இருக்க அந்தப் பச்சை வலை கட்டியிருக்கீங்களே, அதனால சரியாத் தெரியல. காலையில ஏழு மணி வாக்குல வலைக்குப் பின்னால யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு. நான் நிமிர்ந்து பார்க்கல. பார்த்தா உள்ள போயிடுவாளோன்னு அப்படியே நட்டை முடுக்கிட்டு இருந்தேன்.

– ஏழு மணிக்கு நின்னது உங்க அக்கா. என் வீட்டுக்காரி. துண்டும் அவளுதுதான்.

– அப்படியும் இருக்கலாம்.

– இருக்கலாம் இல்ல மாப்ள. அவதான்.

– சரி. இதுல என்ன இருக்கு. யார் நின்னா என்ன.

– டீயைக் குடி.

– குடிக்கறேன். அவ போட்டா இப்படித்தான் இருக்கும். இஞ்சி தூக்கலா, சர்க்கரை பேருக்கு. ஒன்பது நாளா அனுப்பறாளே, அதுவே போதும்னு நினைச்சுக்குவேன். கோவம் இருந்தா அனுப்புவாளா?

– அந்த டீ நான் போடறது.

– நீங்களா?

– நான்தான். எனக்குச் சர்க்கரை வியாதி, அதான் இனிப்பு கம்மி. எனக்குப் போடும்போது உனக்கும் ஒரு தம்ளர் சேர்த்து ஊத்தறேன். நீ ஒவ்வொரு வாய்க்கும் மேல மேல பார்த்துக் குடிக்கறதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆயிடுது. இதை முதல் நாளே சொல்லியிருக்கணும்.

– நல்லா போடறீங்க மச்சான்.

– கோவமா?

– எதுக்குக் கோவம். டீ டீதானே.

– போன் பண்ணிப் பார்த்தியா அவளுக்கு? இந்த ரெண்டு மாசத்துல ஒரு தடவையாவது?

– எடுத்து நம்பரைப் பார்ப்பேன். வச்சிடுவேன். போன்ல எனக்குப் பேச வராது.

– கூட்டத்துல வராது, போன்ல வராது. நேர்லயாவது வருமா?

– நேர்லயும் கஷ்டம்தான்.

– அதான் ஒரு பூங்காவையே கட்டி நிறுத்தறியா?

– சிரிக்காதீங்க. இந்த வேலைக்கு எத்தனை பேர்கிட்ட நடந்தேன் தெரியுமா? பூங்கா உங்க வீட்டுக்கு எதிர்லன்னு தெரிஞ்சதும் லாபமே வேண்டாம்னு விலை போட்டேன். எதிர்லயே இருந்தா ஒருநாள் இறங்கி வருவா, "என்ன பண்றீங்க"ன்னு கேப்பான்னு.

– கேட்டா என்ன சொல்லியிருப்ப?

– வேலை பார்க்கறேன்னு சொல்லியிருப்பேன்.

– கிழிஞ்சுது. அந்தப் படி வெறும் நாப்பது அடிதானே மாப்ள இங்கருந்து. ரெண்டு மாடி. பொம்பளைங்க கையில பை, இடுப்புல குழந்தையோட ஏறுறாங்க. நீ ஒரு தடவை ஏறி வந்திருக்கலாமே.

– கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வர்றது?

– நான் வாசல்ல நின்னு ஆரத்தி எடுக்கணுமா?

– உங்களைச் சொல்லல. அவ கூப்பிடுவான்னு பார்த்தேன்.

– நாலாவது ரவுண்டு. நகருங்க சார், நீங்க ஒரே இடத்துல நின்னா உங்களுக்கும் முட்டி போயிடும். தம்பி, அந்தக் கம்பி மூணு எதுக்கு? ஒண்ணு ஒட்டகம் மாதிரி, ஒண்ணு மாடு மாதிரி, ஒண்ணு கன்னுக்குட்டி மாதிரி.

– தொங்கறதுக்கும்மா. கையால பிடிச்சு உடம்பை மேல தூக்கறதுக்கு.

– என்னையா? கிரேன் வேணும். ஆமா தம்பி, கோவிச்சுக்காதீங்க, நான் மனசுல பட்டதைக் கேட்டுடுவேன். அந்தப் பொண்ணு இங்க இருக்கும்போது ஒரு தடவை மேல ஏறி–

– அம்மா, உங்க வீட்டுல குக்கர் விசில் அடிக்குது.

– எங்க வீட்டுல இன்னைக்குக் குக்கரே வைக்கல சார்.

– அப்போ வேற யார் வீட்டுலயோ. போய்ப் பாருங்க, அப்புறம் மழை வந்துடும்.

– விரட்டறீங்க. தெரியுது. நமக்கெதுக்கு.

– ஏன் மச்சான் அவங்களை அனுப்பினீங்க? ஏதோ சொல்ல வந்தாங்களே.

– அவங்க கேக்க வந்ததை நான் முன்னாடியே கேட்டுட்டேனே, போதாதா? நீ இந்தக் கன்னுக்குட்டியைப் பத்திச் சொல்லு. கம்பி ரெண்டுதானே கேட்டோம். மூணாவது எப்படி வந்துச்சு?

– கமிட்டிக்குச் செலவில்ல. பழைய வேலையில மிஞ்சின பைப். நல்ல பைப், துருப் பிடிக்காது. வெயில்ல கை சுடாம இருக்க ரப்பர் உறை போடறேன்.

– செலவைப் பத்தி நான் கேக்கல. இவ்வளவு குட்டையா யாருக்கு? பசங்களுக்கா?

– பசங்களுக்கு இது உயரம். ஆறடி ஏழங்குலம்.

– அப்போ யாருக்கு?

– அஞ்சடி ஒரு அங்குலம் இருக்கறவங்களுக்கு. கால் விரலை ஊணி எட்டினா சரியாப் பிடிக்கலாம்.

– அஞ்சடி ஒண்ணு.

– ம்.

– என் தங்கச்சி அளவு எனக்கே இவ்வளவு சரியாத் தெரியாது.

– கல்யாணமான புதுசுல, நான் முடிச்ச ஒரு பூங்காவைக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். ஓட்டப் பந்தயத்துல ஓடினவ இல்லையா, எல்லா மிஷினையும் விடாம ஏறி இறங்கினா. கடைசியில அந்தக் கம்பி. எட்டினா, எட்டல. குதிச்சா, அப்பவும் எட்டல. "இதெல்லாம் ஆம்பளைங்களை மட்டும் நிக்க வச்சு அளவெடுப்பீங்களா"ன்னு கேட்டா. நான் தூக்கி விட்டேன். பிடிச்சு ஒரு தடவை முழுசா மேல போனா மச்சான். தாடை கம்பிக்கு மேல வந்துச்சு. இறங்கி, "வீட்டு நிலைப்படியில ஒரு கம்பி மாட்டிக் குடுங்க, தினமும் பண்றேன்"னா.

– மாட்டினியா?

– பார்க்கலாம்னேன்.

– எத்தனை வருஷம் பார்த்த?

– ஆறு வருஷம்.

– வீட்டுல டிரில்லிங் மிஷின் எங்க இருக்கும்?

– நிலைப்படிக்குப் பக்கத்துலதான். பையில.

– ம்.

– நீங்க திட்டுங்க. திட்டினா நல்லா இருக்கும்.

– நான் என்னத்தைத் திட்டறது. அவ முதல்ல என்கிட்டத்தான் வந்து அழுதா, ரெண்டு வருஷம் முன்னாடி. "எதைக் கேட்டாலும் பார்க்கலாம்ங்கறார் அண்ணா, இல்லைன்னாலாவது சண்டை போடுவேன்"னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குடிக்கறாரா, அடிக்கறாரா, நல்ல மனுஷன், கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னேன். பெரிய நியாயம் சொல்லிட்ட மாதிரி. அன்னைக்கே உன்னைக் கூப்பிட்டு ரெண்டு வார்த்தை கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்.

– ரெண்டு வருஷம் முன்னாடின்னா, அந்த ஸ்கூல் வேலை வந்தப்பவா?

– அப்பத்தான்.

– பொண்ணுங்க தங்கிப் படிக்கற ஸ்கூல். விளையாட்டு டீச்சர் வேலை. பஸ்ஸுல எட்டு மணி நேரம். அதுக்கும் பார்க்கலாம்னுதான் சொன்னேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. போன்னு சொல்லவும் வரல. அவங்களே காத்திருந்து பார்த்துட்டு வேற ஆளைப் போட்டுட்டாங்க.

– இந்த வருஷம் மறுபடி கூப்பிட்டாங்களே.

– தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முந்தின நாள் சொன்னா. நான் அப்போ தரையில உக்காந்து பேரிங்குக்குக் கிரீஸ் போட்டுட்டு இருந்தேன். தலை நிமிராமலே சொன்னேன் மச்சான்.

– என்னன்னு?

– வேற என்ன. பார்க்கலாம்னு.

– சரிதான்.

– அடுத்த மாசம் ஸ்கூல் திறக்கும்போதுதானே சேரணும்? இன்னும் நாள் இருக்கே. அதுக்குள்ள சொல்லிடுவேன்.

– என்ன சொல்லுவ?

– யோசிச்சு வச்சிருக்கேன்.

– எனக்குச் சொல்லிக் காட்டு.

– உங்ககிட்ட எப்படி?

– என்னை அவளா நினைச்சுக்கோ. தொப்பையைப் பார்க்காத, முகத்தை மட்டும் பாரு.

– போங்க மச்சான்.

– சொல்லு மாப்ள. விளையாட்டுக்குக் கேக்கல.

– "நீ போ. சந்தோஷமாப் போய்ச் சேரு. ரெண்டு மாசத்துல கையில இருக்கற வேலையெல்லாம் முடிச்சுட்டு நானும் அங்க வந்துடறேன். அங்கயும் பூங்கா இருக்கும், அங்கயும் ஜனங்களுக்கு முட்டி வலிக்கும், நான் பொழைச்சுக்குவேன். நிலைப்படி இருக்கற வீடாப் பார்த்து எடு." அவ்வளவுதான்.

– அவ்வளவுதானா.

– நல்லா இல்லையா?

– நல்லா இருக்கு மாப்ள. ரொம்ப நல்லா இருக்கு. இதை எப்போ யோசிச்ச?

– இங்க வேலை ஆரம்பிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே. மனப்பாடமாத்தான் வந்தேன்.

– அப்போ ஒன்பது நாளா வாயில கொழுக்கட்டையா?

– எல்லாம் நின்னு முடியட்டும்னு இருந்தேன். அந்தக் கம்பியும் இறுகிடட்டும், அவளைக் கூப்பிட்டு, பிடிச்சுத் தொங்குன்னு சொல்லிட்டு, அவ மேல போற நேரத்துல சொல்லிடலாம்னு. முகத்தைப் பார்க்காம சொல்லலாம்ல. பச்சைக் கான்கிரீட்டுல ஆள் தொங்கினா கம்பி சாஞ்சிடும். அதான் இந்த எழுபத்திரண்டு மணி நேரம்.

– உன்னை என்னன்னு சொல்றது.

– தப்பா?

– தப்புன்னு இல்ல. உக்காரு கொஞ்ச நேரம். அந்த பெஞ்சுல உக்காரு.

– வேலை இருக்கு மச்சான், தண்ணி ஊத்தணும். ஈரம் காஞ்சா வெடிப்பு விடும்.

– ஊத்து. ஊத்திட்டு உக்காரு. என்கிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுன்னு ஒன்பது நாளா தினமும் வந்து நிக்கறேன். நீ ஸ்பானர் கேக்கற, சாக்கு கேக்கற, தண்ணிக்குழாய் சாவி கேக்கற.

– உங்களுக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?

– எனக்கு ஒண்ணும் ஆகல. அவ என்கிட்ட ஒண்ணு சொல்லியிருக்கா. "அவர் கேட்டா சொல்லுங்க. கேக்காம நீங்களா வாயைத் திறக்கக் கூடாது. இது ஒண்ணையாவது அவர் வாயால கேக்கட்டும்"னு. கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டா. வேற யாராவதா இருந்தா மீறியிருப்பேன். அவளை ஒரு தடவை பொறுத்துக்கன்னு சொல்லி ஏமாத்தினவன் நான், அதனால மீறல.

– எதைக் கேக்கணும்?

– அதை நான் சொன்னா நான் சொன்னதா ஆயிடுமே.

– அவளுக்கு உடம்பு ஏதாவது?

– உடம்பெல்லாம் நல்லா இருக்கு.

– என் மேல கோவம் இன்னும் இருக்கா?

– கோவம் இருந்தா எவ்வளவோ நல்லது மாப்ள.

– எனக்குப் புரியல. ஆனா கோவம் போயிடுச்சுன்னு எனக்கு முதல் நாளே தெரியும். உங்ககிட்ட இதுவரைக்கும் சொல்லல. முதல் குழி தோண்டின அன்னைக்கு அவளைப் பார்த்தேன்.

– பார்த்தியா?

– மத்தியானம். கட்டடத்து வாசல் படியில வந்து உக்காந்தா. நல்ல சேலை கட்டியிருந்தா, தலை பின்னி. கைப்பிடிச் சுவருக்கு மேல தோள் வரைக்கும்தான் தெரிஞ்சுது. என்னையே பார்த்துக்கிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல இருந்தா மச்சான். வேண்டாதவனை ஒருத்தி அப்படிப் பார்ப்பாளா?

– நீ என்ன பண்ணின?

– குழிக்குள்ள டேப்பை வச்சு ஆழம் அளந்துக்கிட்டே இருந்தேன். ரெண்டடி குழி, அதையே எத்தனை தடவை அளந்தேன்னு தெரியாது. நிமிர்ந்தா பேசணும். அவளே எழுந்து வரட்டும்னு இருந்தேன். ஒரு தடவை நிமிர்ந்தப்போ படி காலியா இருந்துச்சு. பரவாயில்ல, வந்து உக்காந்தாளே, இனி தினமும் வருவான்னு நினைச்சேன். அந்த ஒரு மணி நேரத்தை வச்சுத்தான் இந்த ஒன்பது நாளும் ஓடுச்சு.

– ஏன் மாப்ள இதை முன்னாடியே சொல்லல.

– சொன்னா நீங்க கிண்டல் பண்ணுவீங்க.

– பண்ணியிருப்பேன். ஆனா பண்ணிட்டு வேற ஒண்ணையும் கேக்க வச்சிருப்பேன் உன்னை.

– விடுங்க. நாப்பத்தொண்ணு மணி நேரம் எல்லாம் எதுக்கு. கம்பி அது பாட்டுக்கு இறுகட்டும். கை கழுவிட்டு இப்பவே மேல வரேன். நான் யோசிச்சதை அவ முகத்தைப் பார்த்தே சொல்லிடறேன். திக்கினாலும் பரவாயில்ல. நீங்க முன்னாடி போய் நான் வரேன்னு மட்டும் சொல்லுங்க.

– நில்லு.

– சட்டை அழுக்கா இருக்கா? வேற சட்டை பையில இருக்கு.

– சட்டைக்கு ஒண்ணும் இல்ல. மேல வர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அதைக் கேளு.

– ஏன் உங்க முகம் இப்படி இருக்கு?

– கேளு மாப்ள.

– மச்சான், அவ மேலதானே இருக்கா?

– இல்ல. ஸ்கூல் திறக்கறதுக்கு முன்னாடியே வந்து சேரச் சொல்லிட்டாங்க. அன்னைக்குப் படியில உக்காந்திருந்தாளே, பக்கத்துல அவ பெட்டி இருந்துச்சு, கைப்பிடிச் சுவர் மறைச்சதால உனக்குத் தெரியல. நீ நிமிர்ந்து ஏதாவது ஒண்ணு சொல்லுவேன்னுதான் அந்த ஊருக்குப் போற மத்தியானக் கடைசி பஸ் நேரம் வரைக்கும் உக்காந்திருந்தா.